வெள்ளிக்கிழமை டோக்கன்

வீட்டு மனை வாங்குவதாக இருந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், மேடம். புரோக்கர்கள் வெயில் காலத்தில்தான் கூட்டிப்போவார்கள். சித்திரை மாதத்தில் பார்த்தால் தூத்துக்குடியில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். காலையில் நீங்கள் போனில் யாரிடமோ மனை விஷயம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, அதனால் சொன்னேன். இதற்குக் கட்டணம் கிடையாது.

என் பெயர் ஈவாஞ்சலின். வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் நாசரேத். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முப்பது வருடமாக வருமான வரி ஆலோசகராக இருக்கிறேன். உப்பள முதலாளிகள், டாக்டர்கள், கப்பலில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாரும் என்னிடம் வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அதற்கு வேறு கதை சொல்வார்கள், எழுதிக்கொள்ள வேண்டாம். அப்பா இறந்தபோது எனக்கு இருபது வயது, தம்பி ஷாமுக்குப் பத்து. அவனைப் படிக்கவைத்துக் கப்பல் இன்ஜினியர் ஆக்கி முடித்தபோது எனக்கு முப்பத்திரண்டு. அவ்வளவுதான் கதை.

நீங்கள் நடந்ததை வாக்குமூலமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் நிலத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

ஷாம் முதல் சம்பளம் வாங்கிய மாதம், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ளும்படி எனக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்தான். பவர் பத்திரம் என்பார்களே, அதுதான். அவன் பெயரில் வாங்கலாம், விற்கலாம், கையெழுத்துப் போடலாம். வங்கிக் கணக்கும் இருவர் பெயரிலும் இருந்தது. அவன் சம்பாதித்தான், நான் பெருக்கினேன். இதில் யார் உழைப்பு பெரிது என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் கப்பல்காரன் சம்பளம் எத்தனை வீட்டில் பைக்கும் பிரியாணியுமாகக் கரைந்துபோனது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ரூபாய் போகவில்லை.

என் முறை எளிமையானது. ஊர் வளர்கிற திசையில், ஊர் வந்து சேர்வதற்கு முன்னால் வாங்கவேண்டும். பயந்து விற்பவனிடம் வாங்கவேண்டும். இரண்டு வருடம் முடிகிறவரை தொடக்கூடாது. இருபத்து நான்கு மாதத்துக்குள் விற்றால் லாபத்தைக் குறுகிய கால ஆதாயம் என்பார்கள். மற்ற வருமானத்தோடு சேர்த்து முப்பது சதவீதம்வரை போய்விடும். இருபத்து நான்கு மாதம் தாண்டி ஒரே ஒரு நாள் ஆனாலும் போதும், பன்னிரண்டரை சதவீதம். ஒரு நாள்தான், மேடம். அந்த ஒரு நாளைப் பொறுக்கமாட்டாமல் அழிந்தவர்கள் என் அலுவலகத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அழுவார்கள்.

கப்பல்காரர்களுக்கு இன்னொரு நாள் கணக்கும் உண்டு. ஒரு நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், வெளிநாட்டுக் கப்பலில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஷாம் எந்தத் தேதியில் இறங்கினான், எந்தத் தேதியில் ஏறினான் என்று அவனுக்கே நினைவிருக்காது. என் டைரியில் இருக்கும். அவன் மகள் ஜெனிலா பிறந்தபோது ஒன்பது நாள் அனுமதித்தேன். அம்மா இறந்தது மார்ச் இருபத்து நான்கு. அன்று சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, கேப்டன் விடுதேன்னு சொல்லுதாரு. நாளைக்கு வந்திருதேன்."

"வராதல. நூத்தி எழுபத்தெட்டு நாள் ஏற்கெனவே ஆயிட்டு. ஏப்ரல் ஒண்ணுக்குப் பெறகு வா."

"சரிக்கா, ஒனக்குத் தெரியாததா" என்றான். ஏப்ரல் இரண்டாம் தேதி வந்து கல்லறையில் பூ வைத்தான். மிச்சமான வரியில் வேம்பார் போகிற சாலையில் இரண்டு மனை வாங்கினேன். இன்று அவை ஆறு மடங்கு. அவன் மனைவி பெனிஷா இதைச் சொல்லி இன்றும் என்னைப் பழிப்பாள். ஆனால் அந்த இரண்டு மனையில் ஒன்றை விற்றுக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டுதான் பழிப்பாள்.

பெனிஷா சாத்தான்குளத்தில் டீச்சர். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். கேள்வி கேட்பவள், அவ்வளவுதான்.

இனி குடோன் விஷயம். அந்தப் பெருவெள்ளம் வந்ததே, நினைவிருக்கும். திருநெல்வேலி சாலையில், நம் புதுக்கோட்டையில், பாண்டியராஜ் என்று ஒருவருக்கு ஒரு குடோன் இருந்தது. உர மூட்டைகள் எல்லாம் நனைந்து நாசமாகிவிட்டன. அவர் பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். நான் தண்ணீர் வடிந்த நான்காம் நாள் போய்ச் சுவரில் சேற்றுக் கோடு எவ்வளவு உயரம் என்று அளந்தேன். தரைக்கு மேல் முக்கால் அடிதான். மூட்டைகளைப் பலகை போட்டு அடுக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் பாதி விலைக்கு ஷாம் பெயரில் கிரையம் முடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல காரியம் அது. நான் என்னுடைய குடோன் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பெயர் அவனுடையது, அதை நான் மறுக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமையோடு இரண்டு வருடம் முடிந்தது. உப்பு வியாபாரி வெள்ளத்துரை அண்ணாச்சி அதை வாங்கத் தயாராக இருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன். விற்றுவரும் பணத்தில் விமான நிலையம் பக்கம் அடுத்ததை வாங்குவதாக இருந்தேன். இருபது வருடமாக நடப்பதுதான்.

ஜனவரியில் கப்பலிலிருந்து ஷாம் போன் செய்தான்.

"அக்கா, புதுக்கோட்ட குடோன மட்டும் விக்காண்டாம்."

"ஏம்ல?"

"வந்து சொல்லுதேன்."

சிரித்தான். இருபது வருடத்தில் அவன் என்னிடம் ஒன்றை விற்கவேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி எல்லாரும் கல் நெஞ்சுக்காரி என்கிறார்கள். எனக்கும் வலிக்கும்.

பிப்ரவரியில் லீவில் வந்தான். சாத்தான்குளத்தில் மனைவியோடும் மகளோடும் ஒரு வாரம் இருந்துவிட்டு, தூத்துக்குடியில் சில வேலை இருக்கிறது என்று திங்கட்கிழமை என் வீட்டுக்கு வந்தான். காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு, நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினான். பன்னிரண்டு மணிக்குப் பத்திர எழுத்தர் சத்தியராஜ் என்னைக் கூப்பிட்டார். என் வேலையெல்லாம் அவர்தான் எழுதுவார், அதனால் எதையும் என்னிடம் மறைக்கமாட்டார்.

"அக்கா, தம்பி வந்திருந்தாரு. புதுக்கோட்ட குடோனுக்கு வில்லங்கம் போட்டு வாங்கிட்டுப் போறாரு. வார திங்கக்கெழமைக்கு ஒரு டோக்கன் போடச் சொல்லிருக்காரு. அக்காட்ட சொல்லிராண்டாம்னாரு."

"என்ன பத்திரமாம்?"

"கேட்டேன். சிரிச்சாரு. நானே எழுதி வச்சிருக்கேன், திங்கக்கெழம கொண்டு வாரேன்னாரு."

வில்லங்கச் சான்று என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும், மேடம். சொத்தை யாராவது நமக்குத் தெரியாமல் விற்றிருக்கிறார்களா, அடமானம் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் போடுவது. அந்நியனிடம் மனை வாங்கும்போது போடுவது. என் தம்பி என்மேல் வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறான். எனக்கு ஒளித்து டோக்கன் போட்டிருக்கிறான். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். திங்கட்கிழமை வந்து பவரை ரத்து செய்யப் போகிறான். பிறகு குடோன் போகும், வேம்பார் போகும், எல்லாம் போகும். எல்லாவற்றையும் பெனிஷா சொல்கிறபடி விற்று ஏதாவது ஒரு அடுக்குமாடியில் போட்டு முடக்குவார்கள்.

சோறு போட்டு வளர்த்த கை இது. சாயங்காலம் வந்தவன் என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டான். வாங்கிவந்த மக்ரூனை எடுத்து நீட்டினான். நான் ஒன்றுமில்லை என்றேன். கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கேட்டால் பொய் சொல்வான், அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அவன் திங்கட்கிழமை வருவதற்குள் எனக்கு வெள்ளிக்கிழமை இருந்தது. அதுதான் ஆறுதல்.

பவரை வைத்து விற்கும்போது, அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு டாக்டரின் சான்று தரவேண்டும். முப்பது நாளுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் அந்த நிமிடமே செத்துவிடும். அதற்குப் பிறகு அது வெறும் தாள். செவ்வாய்க்கிழமை காலையில் ஷாம் தானாகவே, நெஞ்சு கரிக்கிறது என்றான். சரி வா என்று எங்கள் ஊர்க்காரரான டாக்டரிடம் கூட்டிப்போனேன். சான்றை முன்னமே டைப் செய்து பையில் வைத்திருந்தேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஷாம் வெளியே போய்ப் பெனிஷாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இன்னைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருங்கக்கா. அடைப்பு இருக்கும்னு நெனைக்கேன். அவர்ட்ட சொன்னா பயந்துருவாரு, நீங்க பக்குவமா சொல்லிக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். கூடவே, நான் நீட்டிய சான்றிலும் கையெழுத்துப் போட்டார். டாக்டர்மேல் தப்பு இல்லை. அடைப்பு இருக்கிற மனிதனும் உயிரோடு இருக்கிற மனிதன்தான்.

வெளியே வந்து ஷாமிடம், "வாயுன்னு சொல்லுதாருல" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் மறுக்கவில்லை. தயவுசெய்து அதைத் தப்பாக எழுதிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை கொண்டுபோனால் பெனிஷா அரை மணியில் கிளம்பி வந்துவிடுவாள். அவன் படுக்கையில் கிடக்கும்போது அக்கா எதற்குப் பத்திரம் பதியப் போகிறாள் என்று கேட்பாள். செவ்வாய்க்கிழமையே விற்றுவிடலாமே என்றால் இரண்டு வருடம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. வரி மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் கூடும், அதுவும் அவன் தலையில்தான் விழும். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, திருநெல்வேலி போவதற்கு என்றே சொல்லி, கார் ஏற்பாடு செய்தேன். டிரைவரைக் கேளுங்கள், செவ்வாய்க்கிழமையே சொல்லிவைத்தேன். அவன் சாகவேண்டும் என்று நினைப்பவள் கார் சொல்வாளா?

புதன்கிழமை நன்றாக இருந்தான். ரோச் பூங்கா வரை நடந்துவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை மதியம் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான். முன்னறைக் கட்டிலில் படுத்தான். நான் பக்கத்து மேசையில் மறுநாள் பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. நான்தான் வைத்தேன்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"வாயுல. ஓமத்தண்ணி தாரேன்."

ஓமத்தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இடது கை இழுக்குக்கா" என்றான்.

"நாளைக்கு மத்தியானம் திருநெல்வேலிக்குப் போவோம். கார் சொல்லிருக்கேன். அதுவரைக்கும் பொறுத்துக்கல."

என்னைப் பார்த்தான். பத்து வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பான். "சரிக்கா, ஒனக்குத் தெரியாததா" என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான்கெல்லை விவரத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

உடனே நான் என்ன நினைத்தேன் என்று முந்தாநாள் கேட்டீர்கள். பவர் செத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் தம்பி செத்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டுக்கும் நடுவே ரொம்ப நேரம் ஆகவில்லை.

ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் பதினாறில் வைத்து, கதவைப் பூட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெனிஷா கூப்பிட்டாள். அவன் போனை நான் எடுத்தேன்.

"மைனி, அவிய எங்க? ரெண்டு மட்டம் அடிச்சிட்டேன், எடுக்கல."

"மாத்திர போட்டுத் தூங்குதான். எழுப்பாண்டாம்."

"ஜெனிலா பேசணும்னு நிக்கா."

போனை ஜெனிலா வாங்கினாள். ஒன்பது வயது. அவளுக்கு அறிவியல் பரீட்சையில் நல்ல மார்க்காம். அப்பா எழுந்ததும் சொல்லுங்க அத்தை என்றாள். சொல்கிறேன் என்றேன். எல்லாம் அந்தக் குழந்தைக்காகத்தான் மேடம். என்னோடு நானா கட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி வந்திருந்தார். கேமராவில் படம் எடுத்தார்கள், கைரேகை வைத்தேன். சார்பதிவாளர் சான்றைப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எழுதிக் கொடுத்தவர் உயிரோட இருக்காருல்ல?"

"இருக்கார்."

அந்த நான்கு நாளில் நான் எழுத்துபூர்வமாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயால் சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான். பெனிஷாவிடம் சொன்னதைச் சேர்த்தால் இரண்டு. டாக்டர் வாயு என்றதாகச் சொன்னதையும் சேர்க்கவேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரையத் தொகை எங்கள் இருவர் கணக்கில் ஏறியது. அண்ணாச்சி சந்தோஷமாக ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் ஷாம் வாங்கிவந்ததற்குப் பக்கத்தில் வைத்தேன். ஏசியை நிறுத்தினேன். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். பத்திரம் பதிந்துவிட்டு வருவதற்குள் தம்பி போய்விட்டானே என்று சொன்னேன். நடிப்பு என்று பெனிஷா உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நடிப்பில்லை. முந்தின நாள் அழ நேரமில்லாததை அன்றைக்கு அழுதேன்.

அவன் கையில் இருந்த கடிகாரம் நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளும் வகை என்று எனக்குத் தெரியாது. மணி பார்க்கத்தான் கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். வியாழக்கிழமை மாலை நான்கு பன்னிரண்டோடு அது நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு நான் விற்றது இறந்தவனின் சொத்து. அந்தக் கிரையம் செல்லாது. அண்ணாச்சியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. டாக்டரின் கடிதம் என் அலுவலகத்தில் குடோன் கோப்பின் அடியில் இருக்கிறது. அதைக் கிழிக்கவில்லை. எந்தத் தாளையும் நான் கிழித்ததில்லை.

நேற்று சாயங்காலம் நீங்கள் ஷாம் பையிலிருந்து எடுத்ததாக ஒரு தாளைக் காட்டினீர்கள். திங்கட்கிழமை பதிவதற்காக அவன் கப்பலிலேயே உட்கார்ந்து கையால் எழுதியது. பவர் ரத்துப் பத்திரம் இல்லை. தான செட்டில்மென்ட். 'என்னைப் பெற்ற தாயாக வளர்த்த என் மூத்த சகோதரி ஈவாஞ்சலின் அவர்கள் இனி வேலை எதுவும் செய்யாமல் வாடகையில் நிம்மதியாக இருக்கும் பொருட்டு' என்று புதுக்கோட்டைக் குடோனை என் பெயருக்கு எழுதியிருக்கிறான். சர்வே எண் சரியாக வேண்டும் என்றுதான் வில்லங்கம் போட்டிருக்கிறான். பெனிஷா சாட்சிக் கையெழுத்துப் போட வருவதாக இருந்ததாம்.

படித்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை என்று நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். இப்போது பேசுகிறேன். அந்தத் தாளில் மூன்று தப்பு இருக்கிறது. நான்கெல்லையில் வடக்கையும் தெற்கையும் மாற்றி எழுதியிருக்கிறான். முந்தைய பத்திர எண்ணைக் குறிப்பிடவில்லை. நான் அதை ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி வேண்டும், அதுவும் இல்லை. உடன்பிறந்தவர் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வருமான வரி கிடையாது, அவன் வைத்திருந்த இரண்டு வருடமும் எனக்கே சேரும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அம்மா சாவுக்கு வரலாமா என்றுகூட என்னிடம் கேட்டவன், இதை மட்டும் கேட்கவில்லை. என்னை முதலில் ஏமாற்றியது அவன்தான், மேடம். அதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.